ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர்

காரை ஜாக்கியில் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினால் மட்கார்டுக்குள்ளே கொஞ்சம் சாய்ந்து நிற்கும் தடித்த குழாய் தெரியும். அதுதான் ஸ்ட்ரட். சாதாரண காரில் அந்தக் குழாயோடு ஒரு தட்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலையில் வைத்த இடத்தைவிட்டு அந்தத் தட்டு நகராது. காயில்ஓவர் என்ற அமைப்பில் அதே குழாயின் வெளிப்புறத்தில் மரை வெட்டியிருப்பார்கள். தட்டுக்குப் பதிலாக மரையில் ஏறி இறங்கும் ஓர் அலுமினிய வளையம் இருக்கும். அதற்கு அடியில், அது தானாக நகர்ந்துவிடாதபடி இறுக்கிப் பிடிக்க இன்னொரு பூட்டு வளையம். இரண்டின் விளிம்பிலும் சிறு பள்ளங்கள் உண்டு. கொக்கிபோல் வளைந்த சி-ஸ்பேனரை அந்தப் பள்ளத்தில் மாட்டிப் பூட்டு வளையத்தைத் தளர்த்திவிட்டு மேல்வளையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால், பல தயாரிப்புகளில் அது 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் நகரும். இங்கே 2 என்றே வைத்துக்கொள்வோம். பத்துச் சுற்று இறக்கினால் 2 சென்டிமீட்டர். ஸ்ட்ரட் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்பதால் காரின் முன்பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவே தாழும்.

வேலை அவ்வளவு எளிது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மறைந்து வண்டி தரையோடு ஒட்டி நிற்கும்போது அதற்கென்று ஓர் அழகு வந்துவிடுகிறது. அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடைவெளி சும்மா கிடந்த இடமில்லை. மேட்டில் ஏறும்போது சக்கரம் எழும்பி ஒதுங்கிக்கொள்ள விடப்பட்ட இடம் அது. மெக்கானிக்குகள் இதை டிராவல் என்பார்கள். சஸ்பென்ஷன் செய்கிற வேலை முழுவதும் இந்தச் சில சென்டிமீட்டருக்குள்தான் நடக்கிறது. காரைத் தாழ்த்துகிறவர் உயரத்தைக் குறைப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் செலவழிப்பது டிராவலை. எவ்வளவு செலவாகிறது, அதை ஈடுகட்ட என்ன வேண்டும் என்பதைத் தாளில் பெருக்கி வகுத்தே கண்டுபிடித்துவிடலாம். ஸ்பேனரை எடுக்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு அது.

முதலில் ஸ்பிரிங். ராபர்ட் ஹூக் 1676இல் தன் கண்டுபிடிப்பை வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று, எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். விடையை அவரே வெளியிட்டது 1678இல். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு அமுக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு விசை கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த விடையின் சாரம். காயில்ஓவர் பெட்டியில் 5 கிலோ ஸ்பிரிங் என்று போட்டிருந்தால், அதை ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கவும் 5 கிலோ எடை வேண்டும் என்று அர்த்தம்.

கணக்குக்காக ஒரு ஹேட்ச்பேக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முன்சக்கரத்தின் கீழே எடைமேடை வைத்தால் 300 கிலோ காட்டுகிறது. சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்த 35 கிலோ நேராகத் தரையில் நிற்கிறது. ஸ்பிரிங் சுமப்பது மீதி 265 கிலோ. தொழிற்சாலையில் வந்த ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 2.25 கிலோ என்றால், இந்தச் சுமைக்கு அது 118 மி.மீ. அமுங்கி நிற்கும். அதே இடத்தில் 5 கிலோ காயில்ஓவர் ஸ்பிரிங்கைப் போட்டால் 53 மி.மீ.தான் அமுங்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

வளையத்தை மேலே ஏற்றினால் ஸ்பிரிங் ஹார்ட் ஆகும், கீழே இறக்கினால் சாஃப்ட் ஆகும் என்ற நம்பிக்கை ஒர்க்ஷாப்புகளில் பரவலாக உண்டு. பைக்கின் பின் ஷாக்கில் உள்ள படிகளைத் திருப்புகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவையாக இருக்கிறது. கார் ஜாக்கியில் நிற்கும்போது சக்கரம் தொங்குகிறது. ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் ஷாக் அப்சார்பரின் தண்டு தன் முழு நீளத்துக்கு வெளியே வந்திருக்கிறது. அதற்குமேல் அது நீளாது. அந்த நிலையில் வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் மேலே தப்பிக்க வழியில்லாமல் அமுங்கத்தான் வேண்டும். ஸ்பேனர் கையில் கனக்கிறது. சுற்றச் சுற்ற இறுகுகிறது. கை சொல்வதை மனம் நம்பிவிடுகிறது.

இப்போது காரைத் தரையில் இறக்குங்கள். ஸ்பிரிங்கின்மேல் இருக்கும் சுமை அதே 265 கிலோ. ஹூக்கின் விதிப்படி அமுக்கமும் அதே 53 மி.மீ.தான், ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. வளையம் 10 மி.மீ. ஏறியிருந்தால் அதன்மேல் நிற்கும் ஸ்பிரிங்கும், அதன்மேல் நிற்கும் காரும் 10 மி.மீ. மேலே போகும். அவ்வளவே. ஒரு மேட்டில் ஏறி இன்னும் 1 மி.மீ. அமுங்க வேண்டுமானால் முன்பு கேட்ட அதே 5 கிலோவைத்தான் இப்போதும் கேட்கும். கம்பியின் தடிமனும் சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாதவரை ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. மாறுவது வேறொன்று: தண்டு ஷாக்கின் உள்ளே எந்த இடத்தில் நிற்கிறது என்பது. வளையத்தை இறக்கினால் தண்டு உள்ளே அதிகம் புதைந்து நிற்கும். மேட்டுக்கென்று மிச்சமிருந்த டிராவலிலிருந்து அத்தனை மில்லிமீட்டரும் கழிந்துவிடும். அதிகமாக இறக்கினால் இன்னொரு தொல்லை. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் வளையத்தைத் தொடாமல் தளர்ந்து ஆடும். மறுபடி உட்காரும்போது டணார் என்று சத்தம் கேட்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சில காயில்ஓவர்களில் கையாலேயே அமுக்கக்கூடிய ஒரு தட்டைச் சுருளைத் துணை ஸ்பிரிங்காகச் சேர்க்கிறார்கள்.

டிராவலைத் தொடாமல் தாழ்த்த வழி இருக்கிறதா? இருக்கிறது. சற்று விலை கூடிய காயில்ஓவர்களில் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியில், ஹப்பைப் பிடிக்கும் பிராக்கெட்டும் தனியாக மரையில் ஓடும். ஸ்பிரிங் வளையத்தைத் தொடாமல் அந்த பிராக்கெட்டை மேலே ஏற்றினால் ஸ்ட்ரட்டின் மொத்த நீளம் குறையும். கார் தாழும், ஆனால் தண்டு ஷாக்கினுள் நிற்கும் இடம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். இதற்கும் எல்லை உண்டு. ஷாக்கினுள் இடம் மிச்சமிருந்தாலும் டயர் முன்பைவிட மேலே ஏறி மட்கார்டின் உட்புறத்தில் உரசலாம். டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடலாம். ஷாக்கில் மிச்சம்பிடித்த கணக்கைக் காரின் உடம்பில் எழுத நேர்கிறது.

சரி, டிராவல் குறைந்தால் என்ன ஆகும்? நம் ஹேட்ச்பேக்கின் முன்சக்கரத்துக்கு மேல்நோக்கி 80 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைப்போம். ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பு அந்த 80ஐயும் முழுதாகத் தின்றுவிடுகிறது. சக்கரம் கொண்டுவந்த ஆற்றல் முழுவதையும் ஸ்பிரிங் அந்தத் தூரத்துக்குள் வாங்கி அடக்கிவிடுகிறது. ஷாக்கும், கடைசியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரும் பங்கெடுப்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இப்போது வளையத்தை இறக்கி 40 மி.மீ. தாழ்த்துகிறோம். மிச்சம் 40. அதே பள்ளம், அதே வேகம், அதே ஆற்றல். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் கடினத்தையும் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது. தூரம் பாதியானால் கடினம் இரண்டு மடங்கானால் போதாது, நான்கு மடங்காக வேண்டும். 2.25 கிலோ இருந்த இடத்தில் 9 கிலோ. வெறும் 4 சென்டிமீட்டர் தாழ்த்தலுக்கு இதுதான் விலை.

கணக்கைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். கையில் இருப்பது 5 கிலோ ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கைவிட 2.2 மடங்கு கடினம். அதே அடியை அது 54 மி.மீ. தூரத்தில் வாங்கி அடக்கிவிடும். 80இல் 54 போக மிச்சம் 26. ஆகவே இந்த ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு சுமார் 25 மி.மீ. தாழ்த்தினால், சஸ்பென்ஷனின் தாங்கும் திறன் முன்பு இருந்தபடியே இருக்கும். அதற்குமேல் இறக்கும் ஒவ்வொரு சுற்றும் பம்ப் ஸ்டாப்பிடம் வாங்கும் கடன். கடினமான ஸ்பிரிங், குறைந்த உயரம் இரண்டும் சேர்ந்தே விற்கப்படுவதற்குக் காரணம் இந்த வர்க்கக் கணக்குதான்.

இதே கணக்கு, ஸ்பிரிங்கை வெட்டுவது ஏன் தவறு என்பதையும் சொல்லிவிடும். ஆறு சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுத்தால் கடினம் 20 சதவீதம் கூடும்: 2.25 இருந்தது 2.7 ஆகும். அறுத்த சுற்றால் 60 மி.மீ. நீளம் போய், அமுக்கம் குறைந்ததால் 20 மி.மீ. திரும்பக் கிடைத்து, கார் 40 மி.மீ. தாழும். 40 மி.மீ. தாழ்த்தலுக்கு நான்கு மடங்கு கடினம் தேவை என்று பார்த்தோம். கிடைத்தது ஒன்றேகால் மடங்குகூட இல்லை. கேஸ் வெல்டிங் தீயில் ஸ்பிரிங்கைக் காய்ச்சித் தாழ்த்துவது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகின் பலமே அதைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அதன்பின் அது தன் நீளத்துக்குத் திரும்பாமல் நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டே போகும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் இந்த இரண்டையும் யாரும் செய்யக் கூடாது.

கடினத்தைக் கூட்டினால் உடம்பு அதை எப்படி உணர்கிறது? எந்த எடையையும் ஸ்பிரிங்கின்மேல் வைத்தால் அதற்கென்று ஓர் ஆடும் வேகம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கச் சின்ன வழி ஒன்று இருக்கிறது: எடையால் ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுங்கள். 118 மி.மீ. அமுங்கும் பழைய ஸ்பிரிங்குக்கு வினாடிக்கு 1.45 ஆட்டம். 53 மி.மீ. அமுங்கும் 5 கிலோ ஸ்பிரிங்குக்கு 2.17. நாம் கணக்கிட்ட 9 கிலோ ஸ்பிரிங் 29 மி.மீ.தான் அமுங்கும், அதற்கு 2.9. பயணிகள் கார்களைப் பெரும்பாலும் 1 முதல் 1.5 வரை வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவரின் வயிற்றுப் பகுதி மேல்கீழ் அதிர்வை அதிகமாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 ஆட்டங்களுக்குள். ஸ்பிரிங் கடினமாக ஆக, கார் அந்த எல்லையை நோக்கி நகர்கிறது.

இந்தத் துறையில் மாரிஸ் ஆலியை மறக்க முடியாது. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த இந்தப் பொறியாளர் 1930இல் அமெரிக்காவில் கெடிலாக்கில் சேர்ந்தார். ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய எடைகளைக் கட்டி, எடையை எங்கே வைத்தால், எந்த ஸ்பிரிங்கை எங்கே போட்டால் பயணம் சமமாக இருக்கிறது என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தார். பின் ஸ்பிரிங்கின் ஆடும் வேகம் முன்னதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது; பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் அந்தத் தாமதத்தைப் பிடித்துவிடும். காரின் மூக்கு மேலும் கீழும் ஆடுவது சீக்கிரம் அடங்கும். பந்தயப் பாதைக்கென்று வரும் பல காயில்ஓவர் செட்டுகளில் முன்பக்கத்தைத்தான் அதிகக் கடினமாக வைக்கிறார்கள். நெடுஞ்சாலைப் பாலங்களின் இணைப்புகளில் அந்த வண்டிகள் தலையாட்டிக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு விலை கொடுத்துத் தாழ்த்துவதில் என்ன லாபம்? 1000 கிலோ எடையுள்ள கார் வளைவில் திரும்புகிறது. பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதி. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 54 செ.மீ. உயரத்தில், இடவலச் சக்கரங்களுக்கு நடுவே 148 செ.மீ. என்றால், உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 182 கிலோ எடை மாறும். ஈர்ப்பு மையத்தை 4 செ.மீ. தாழ்த்தினால் மாறும் எடை 169 கிலோ. 13 கிலோ லாபம். டயரின் பிடிப்பு, சுமை கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை; அதனால் நான்கு டயரிலும் எடை எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பந்தயத்தில் இந்த 13 கிலோவுக்காக உயிரைவிடுவார்கள். அலுவலகத்துக்குப் போய்வரும் பாதையில் அதை யாராலும் உணர முடியாது. காயில்ஓவர் போட்டபின் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று சொல்கிறவர் உண்மையைத்தான் சொல்கிறார்; ஆனால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு கடினமான ஸ்பிரிங்குக்கும் நல்ல ஷாக்குக்கும் போக வேண்டியது. உயரத்துக்குக் கொஞ்சம்தான்.

பந்தயக் கார்கள் தரையை ஒட்டி ஓடுவதற்கு இன்னொரு காரணம் காற்று. காருக்கும் தரைக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வழியில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; கார் தரையை நோக்கி உறிஞ்சப்படுகிறது. லோட்டஸ் 79 இந்த வித்தையை வைத்துத்தான் 1978இல் ஃபார்முலா ஒன் பட்டத்தை வென்றது. வளைவு வேகங்கள் அபாயகரமாகக் கூடியதால் 1981இல், காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். உயரத்தை அளந்தது கார் நிற்கும்போது. பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மரே இதைக் கவனித்தார். நிற்கும்போது 6 செ.மீ. இருந்தால் போதுமே! காற்றும் திரவமும் சேர்ந்த ஒரு சஸ்பென்ஷனை அவர் பிடி49சி காருக்குச் செய்தார். வேகமெடுத்ததும் காற்றின் அழுத்தம் காரைக் கீழே தள்ளும். திரவம் மெல்லிய துளை வழியே ஒரு தொட்டிக்குப் போய்ச்சேரும். மெதுவான வளைவுகளில் அழுத்தம் குறைந்தாலும் அவ்வளவு சிறிய துளை வழியே திரவம் உடனே திரும்பி வர முடியாததால் கார் தாழ்ந்தே இருக்கும். பந்தயம் முடிந்து ஓட்டுநர் மெதுவாக உள்ளே வரும்போது அது மெல்ல எழுந்து 6 செ.மீ. உயரத்தில் நிற்கும். பிரபாம் ஓட்டுநர் நெல்சன் பிகே அந்த ஆண்டு ஏப்ரலில் அர்ஜென்டினாவில் அந்தக் காரில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு வென்றார். ஆண்டு முடிவில் உலகப் பட்டமும் அவருக்கே. மற்ற அணிகளும் ஏதாவதொரு வழியில் காரைத் தாழ்த்தும் கருவிகளைச் செய்துகொண்டன. 1983 முதல் காரின் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

உயரத்தைக் கண்காணிக்க 1994இல் வேறொரு வழி வந்தது. காரின் அடியில் 10 மி.மீ. தடிமனுள்ள ஒரு பலகையைப் பொருத்த வேண்டும். பந்தய முடிவில் அது 9 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் தகுதிநீக்கம். 2023இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டனும் ஆறாவதாக வந்த சார்ல்ஸ் லெக்லெரும் அப்படித்தான் முடிவை இழந்தார்கள். மேடுபள்ளம் அதிகமுள்ள பாதை. அந்த வாரம் உயரத்தைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு பயிற்சி நேரம். நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் உள்ள அணிகளுக்கே ஒரு மில்லிமீட்டரின் கணக்கு தப்புகிறது.

சாலைக் காருக்குத் திரும்பினால், நாம் எதிர்பார்க்காத ஒன்று காத்திருக்கிறது. இன்று பெரும்பாலான கார்களின் முன்பக்கத்தில் இருப்பது, பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சனின் பெயர் தாங்கிய ஸ்ட்ரட். 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்கள் அதைப் பிரபலமாக்கின. கீழே சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஒரே ஒரு லோயர் ஆர்ம், மேலே ஸ்ட்ரட். செலவும் இடமும் குறைவு. வளைவில் காரின் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதைச் சாய்வு மையம் என்று வைத்துக்கொள்ளலாம். ஈர்ப்பு மையத்துக்கும் சாய்வு மையத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். மெக்ஃபர்சன் அமைப்பில் சாய்வு மையத்தின் இடத்தைத் தீர்மானிப்பது லோயர் ஆர்மின் கோணம். தொழிற்சாலை உயரத்தில் அந்த ஆர்ம் உட்பக்கம் சற்று உயர்ந்து, சக்கரத்தை நோக்கித் தாழ்ந்து நிற்கும். காரைத் தாழ்த்தினால் அது கிடைமட்டமாகி, இன்னும் தாழ்த்தினால் எதிர்ப்பக்கம் சாயும்.

ஒரு ஹேட்ச்பேக்குக்கு நெருக்கமான அளவுகளை வைத்து வரைந்து பார்த்தேன். ஆர்மின் நீளம் 34 செ.மீ.; உட்பக்க முனை வெளிமுனையைவிட 2 செ.மீ. உயரம். சாய்வு மையம் தரையிலிருந்து 9 செ.மீ.க்குச் சற்று மேலே வந்தது. காரை 4 செ.மீ. தாழ்த்தி மறுபடி வரைந்தால் சாய்வு மையம் தரைக்குக் கீழே 1 செ.மீ. போய்விட்டது. ஈர்ப்பு மையம் இறங்கியது 4 செ.மீ., சாய்வு மையம் இறங்கியது 10 செ.மீ.க்கும் மேல். நெம்புகோல் 6 செ.மீ.க்கு மேல் நீண்டுவிட்டது. அதாவது ஸ்பிரிங்கை மாற்றாமல் தாழ்த்தினால் அந்தக் கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயும். தாழ்ந்த வண்டி சாயாது என்று கண் சொல்வதற்கு நேர் எதிர். மொத்தத்தில் மாறும் எடை குறைவுதான், ஆனால் உடம்பு அதிகம் உருளும். உருளும்போது ஏற்கனவே குறைந்துபோன டிராவலும் செலவாகும். பந்தயக்காரர்கள் நீளமான பால் ஜாயின்ட் போட்டு ஆர்மை மறுபடி பழைய கோணத்துக்குக் கொண்டுவருவது இதனால்தான். அதைச் செய்ய முடியாதவர் ஆர்ம் கிடைமட்டமாகும் இடத்திலேயே நின்றுவிடுவது நல்லது. நம் உதாரணத்தில் அது 2 செ.மீ. தாழ்த்தலில் வந்துவிடுகிறது.

கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்), டோ (சக்கரத்தின் முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டும் கூடவே மாறும். ஸ்டியரிங்கின் டை ராடும் லோயர் ஆர்மும் வேறுவேறு நீளத்தில், வேறுவேறு இடத்தில் பிடித்திருப்பதால் உயரம் மாறும்போது சக்கரத்தின் முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடும். தாழ்த்திவிட்டு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியுமளவு தேய்வது இதனால்தான். மேலோட்டமாகப் பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும்.

நான்கு வளையங்களையும் தனித்தனியே திருப்ப முடிகிற வசதி இன்னொரு பொறுப்பைக் கொண்டுவருகிறது. நான்கு கால் ஸ்டூலில் ஒரு காலுக்கு அடியில் அட்டையைச் செருகினால் அந்தக் காலும் அதற்கு எதிர்மூலைக் காலும் எடையை ஏற்கும். மற்ற இரண்டும் லேசாகிவிடும். காரும் அப்படியே. முன் இடது வளையத்தை மட்டும் ஏற்றினால் பின் வலது சக்கரத்தின் சுமையும் கூடும். மட்கார்டு உயரம் நான்கிலும் அழகாக இருந்து, எதிர்மூலை எடைகள் கோணலாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். நான்கு எடைமேடைகளில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. மேடைகள் இல்லாதவர் இடம்வலம் ஒரே எண்ணிக்கையில் சுற்றுவது பாதுகாப்பு.

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்குச் சாலையும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.6 மீட்டர் உள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது இரு சக்கரமும் மேட்டின்மேலேயே இருக்கும். நடுவில் துருத்துவது 5 செ.மீ. மட்டும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 17 செ.மீ. உள்ள காரில் நான்கு பேர் ஏறினால் 5 கிலோ ஸ்பிரிங்குகள் சராசரியாக 1.4 செ.மீ. அமுங்கும். 2.5 செ.மீ. தாழ்த்தியிருந்தால் மேட்டின் உச்சிக்கும் காரின் அடிக்கும் நடுவே 8 செ.மீ. மிச்சம். 6 செ.மீ. தாழ்த்தியிருந்தால் 4.6, வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் அடி தட்டும். ஆனால் தெருமுனைகளில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குப் போட்டு வைத்திருக்கும் மேடுகள் எந்த வழிகாட்டுதலிலும் இல்லை. முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாத நொடியில் அந்த 15 செ.மீ.யும் முழுதாகக் காருக்கு அடியில் நிற்கும். அங்கே நான்கு பேர் ஏறிய, பழைய ஸ்பிரிங்கோடு இருக்கும் தாழ்த்தாத காரே தட்டும்.

சட்டமும் பார்க்க வேண்டியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஜெர்மனியில் காயில்ஓவருக்கான பாகச் சான்றிதழிலேயே எதிலிருந்து எதுவரை தாழ்த்தலாம் என்ற எல்லை எழுதியிருக்கும். பரிசோதகர் மரையில் வளையம் நிற்கும் இடத்தை அளந்து பார்ப்பார்.

இனி வேலை. உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளக்க வேண்டும்; டயரின் காற்றோ தேய்மானமோ அந்த அளவைக் கெடுக்காது. மரையை பிரஷ்ஷால் சுத்தம் செய்து துருநீக்கி தெளித்தபிறகே வளையத்தைத் திருப்ப வேண்டும். மண்ணோடு திருப்பினால் அலுமினியம் சிராய்த்து அப்படியே பிடித்துக்கொள்ளும். ஜாக்கியை இறக்கியதும் வரும் அளவை நம்பக் கூடாது. தொங்கிய சக்கரங்கள் உட்பக்கம் ஒடுங்கி இறங்கியிருக்கும். டயர் தரையில் உரசிக்கொண்டு விரிய மறுக்கும். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டியபின்தான் அது தன் உண்மையான உயரத்துக்கு வரும்.

பலர் விட்டுவிடுவது லோயர் ஆர்ம் புஷ்ஷை. அந்த ரப்பர் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியது. ஆர்ம் அசையும்போது சறுக்காமல் முறுக்கிக்கொள்கிறது. பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டுவிட்டுக் காரைத் தாழ்த்தினால் ரப்பர் இரவும் பகலும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும்.

கடைசியாக, தூசி உறையைத் தூக்கிவிட்டு ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை லேசாகக் கட்டி, அதைக் குழாயின் வாயோடு ஒட்டத் தள்ளி வையுங்கள். தினமும் போகும் பாதையில், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடு ஒரு முறை போய்வாருங்கள். சக்கரம் எழும்பும் ஒவ்வொரு முறையும் குழாய் அந்த டையை மேலே தள்ளியிருக்கும். அது நின்ற இடம்தான் அந்தப் பயணத்தில் செலவான டிராவல். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடம் இருந்தால் உயரம் சரி. டை ரப்பரில் புதைந்து கிடந்தால் இடம்வலம் இரண்டு வளையங்களையும் ஐந்து சுற்று மேலே ஏற்றிவிட்டு, அலைன்மென்ட்டை மறுபடி பார்த்து, அதே பாதையில் இன்னொரு முறை ஓட்டுங்கள்.